சிவப்புக் காம்பு வாழை

தைப்பூசம் முடிந்த அடுத்த ஞாயிறு மாலை, ஒரு கையில் ரசப் பாத்திரமும் மறு கையில் நாரத்தங்காய் ஊறுகாயுமாகக் குமுதா பிரிக்ஃபீல்ட்ஸில் தங்கை வீட்டுக்கு மூன்று மாடி ஏறினாள். லிஃப்ட் ரிப்பேர். அந்த அடுக்குமாடியில் லிஃப்ட் ஓடினால்தான் செய்தி. மூச்சு வாங்கினாலும் அன்று அவளுக்கு வாயெல்லாம் சிரிப்பு. தங்கை புனிதாவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். இரண்டு தடவை கரு வந்து, தங்காமல் போய், மூன்றாவது தடவையாக இப்போது எட்டு வாரம்.

படுத்தே இரு, தண்ணீர் பாட்டிலுக்கு மேல் கனமான எதையும் தூக்காதே என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் புனிதாதான் எழுந்து வந்து கதவைத் திறந்தாள்.

"படுத்துக் கெடன்னு சொன்னா, கதவு தொறக்க வர்றியா நீ?"

"அவரு காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருக்காரு அக்கா. வா, ஒனக்கு ஒண்ணு காட்டணும். நெனச்சது நடக்குற வரைக்கும் யாருக்கும் காட்டாதேன்னு பூசாரி சொல்லிட்டாரு, அதான் இத்தனை நாளு மறைச்சு வெச்சிருந்தேன். இப்ப காட்டலாம்லா."

பால்கனியில், துணி காயும் கம்பிக்குக் கீழே, ஒரு நீலப் பெயின்ட் வாளி. அதில் இடுப்புயரத்துக்கு ஒரு வாழைக்கன்று. தண்டில் மஞ்சள் துணி கட்டியிருந்தது.

"காம்பைப் பாரு அக்கா. முனியாண்டி குங்குமம் வெச்சு அனுப்பியிருக்காரு."

பார்த்தாள். இலைக் காம்புகள் அடியிலிருந்து நுனிவரை பீட்ரூட் சாற்றில் முக்கி எடுத்ததுபோல் சிவந்திருந்தன. இன்னும் விரியாமல் சுருண்டு நின்ற குருத்துகூடச் சிவப்புத்தான். ரசப் பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டாள். வைக்காவிட்டால் விழுந்திருக்கும்.

செவ்வாழைக்கும் காம்பு சிவக்கும்; அது மங்கலான சிவப்பு. இது வேறு. இந்தச் சிவப்பு உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருக்க முடியும். கிள்ளானை அடுத்த மேருவில், அவள் வேலை செய்யும் ஆராய்ச்சிக் கம்பெனியில், பூட்டிய இரட்டைக் கதவுக்குப் பின்னால், குமுதா பொறுப்பாளராக இருக்கும் கண்ணாடிக் கூடத்தில்.

"எங்கருந்துடி கெடச்சுது இது?"

"என்ன அக்கா, மறந்துட்டியா? கிள்ளான்ல சக்தியான முனியாண்டி இருக்காருன்னு நீதானே சொன்ன? ஒங்க பழனியப்பன் அண்ணன் சொன்னாருன்னு. போனோம். பூசாரி கையில குடுத்தாரு. கொண்டு வந்து மூணே வாரம், நின்னுருச்சு." வயிற்றை மெல்லத் தடவிக்கொண்டாள். "புள்ள பொறந்து சோறு ஊட்டுற நேரத்துல இது கொல தள்ளிருக்கும். மொதப் பழத்த மசிச்சுக் கொழந்தைக்கு ஊட்டணுமாம். அதுவரைக்கும் இதுக்கு ஒண்ணும் ஆகாமப் பாத்துக்கணும். இதுக்கு ஒண்ணுன்னா அதுக்கும் ஒண்ணுதான்."

குமுதா சிரித்து வைத்தாள். அந்தச் சிரிப்பு எப்படி இருந்ததோ, புனிதா, "ஒடம்பு சரியில்லயா அக்கா?" என்று கேட்டுவிட்டாள்.

அந்தக் கம்பெனியில் செய்கிற காரியத்தை ஒரு பாமரனுக்குச் சொல்வதென்றால் இப்படிச் சொல்லலாம். வாழை தன் இஷ்டத்துக்குப் பக்கக் கன்று விடும். வேண்டாதபோது விட்டுத் தாயின் சத்தை உறிஞ்சும். தோட்டக்காரனுக்குக் கன்று வேண்டும்போது இரண்டோ மூன்றோதான் தரும். நாம் சொன்னால் விட வேண்டும், சொல்லாவிட்டால் சும்மா இருக்க வேண்டும். அப்படி ஒரு வாழையைச் செய்ய முடியுமா என்று கேட்டார் கம்பெனியின் தலைமை விஞ்ஞானி டாக்டர் ஜெயந்திரன். ஆறு வருஷம் பாடுபட்டுச் செய்தும் விட்டார்கள். அழுகின பழத்தில் வாழும் ஒரு பூஞ்சையிடம் சாராயத்தை மோப்பம் பிடிக்கிற சுவிட்ச் ஒன்று உண்டு. அதன் எழுத்தைப் படித்து, புதிதாக எழுதி, வாழையின் மரபணுவுக்குள் செருகினார்கள். வேரில் கொஞ்சம் சாராயத் தண்ணீர் பட்டால் சுவிட்ச் விழிக்கும். தாயைச் சுற்றி இருபது, இருபத்தைந்து கன்று முளைக்கும். விழித்ததா இல்லையா என்று தெரிய ஒரு அடையாளம் வேண்டுமே? இருட்டில் ஒளிரும் பச்சை வைக்கலாம் என்றார் டாக்டர். அதற்குத் தனி விளக்கு வேண்டும், வெறும் கண்ணுக்கே தெரிகிற மாதிரி சிவப்பாக இருக்கட்டும் என்று சொன்னவள் குமுதா.

அந்த வாழையின் பழத்தை இதுவரை யாரும் தின்றதில்லை. தின்னலாம் என்று சொல்ல ஒரு தாளும் இல்லை. அதனால்தான் ஒவ்வொரு செடிக்கும் எண், இரட்டைப் பூட்டு, வருஷத்துக்கு இரண்டு தடவை அரசாங்கச் சோதனை. அடுத்த சோதனை இந்த வியாழக்கிழமை.

திங்கள் காலை கதவைத் திறந்ததும் அவள் முதலில் பழனியப்பனைத்தான் கூப்பிட்டாள். கண்ணாடிக் கூடத்தில் தண்ணீர் விடுவது, மண் மாற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. ஐம்பத்தாறு வயது, ஒரு நாள் லீவு போட்டவரில்லை.

"அண்ணே, ஆயுத பூசைக்கு வாசல்ல ரெண்டு வாழை கட்டுனோமே, அத என்ன பண்ணீங்க?"

அவர் முகம் மலர்ந்தது. "அதயா கேக்குறீங்க மேடம்? நானே சொல்லணும்னு இருந்தேன்."

ஆயுத பூசைக்கு வாசலில் வாழை கட்டாமல் இருப்பதா? கம்பெனி முழுக்க வாழை, கதவுக்கு மட்டும் கடையில் வாங்குவதா? "மேற்குப் பக்கத்து வரிசையில எடுங்க அண்ணே, அது சாதா வாழைதான்" என்று சொன்னவளும் குமுதாதான். செடிகளுக்கு வெளிச்சம் சமமாகப் படட்டும் என்று இரண்டு வாரத்துக்கு முன்னால் வரிசைகளைக் கலைத்து மாற்றி அடுக்கியவளும் அவளே. சுவிட்ச் வைத்த வாழை மேற்கு வரிசைக்கு வந்திருந்ததை அன்று சுத்தமாக மறந்துபோனாள். சாமிக்கு வைக்கிற மரத்தில் பிளாஸ்டிக் எண் எதற்கு என்று பழனியப்பன் அட்டைகளைக் கழற்றிவிட்டார். பூசை முடிந்ததும் இரண்டையும் எரிகலனில் போட்டிருக்க வேண்டும். போட்டதாகக் காகிதத்தில் இருந்தது. அதன் கீழே குமுதாவின் கையெழுத்தும் இருந்தது.

"சந்தனம் குங்குமம் வெச்சு, சூடம் காட்டுன மரம் மேடம். அத எப்படிக் குப்பையோட போட்டு எரிக்கிறது? மனசு கேக்கல. ஒண்ணு வாடிப்போச்சு. இன்னொண்ண எங்க முனியாண்டி கோயில் ஓரமா நட்டு வெச்சேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "சும்மா சொல்லக்கூடாது, சாமி கூத்து காட்டிட்டாரு. ஒத்த மரம். இருபத்தஞ்சு கன்னு!"

கோயிலுக்கு வெள்ளிக்கிழமைதோறும் என்ன படைக்கிறார்கள் என்று அவள் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. கிள்ளானில் வளர்ந்த எவருக்கும் தெரியும். எலுமிச்சம்பழம், சுருட்டு, கருப்பு பியர்.

மதியம் அவருடன் காரில் போய்ப் பார்த்தாள். கார் கழுவுகிற கடைக்குப் பின்னால், ஒரு பெரிய அரசமரத்தடியில், அரிவாளும் மீசையுமாக முனியாண்டி உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் தாய் வாழை. அதைச் சுற்றிச் செக்கச் செவேலென்று காம்பு சிவந்த கன்றுகள். ஒரு பையன் வேலை கிடைத்ததற்கு நேர்த்திக்கடனாக ஒரு பாட்டிலைத் திறந்து, சாமி பீடத்தில் பாதியும் வாழைக்கடியில் பாதியுமாக நிதானமாக ஊற்றிக்கொண்டிருந்தான். ஆய்வுக்கூடத்தில் சொட்டுச் சொட்டாக அளந்து விடுகிற சாராயம் இங்கே நுரைத்துக்கொண்டு ஓடியது.

லோரி ஓட்டிக்கொண்டே பூசாரியாகவும் இருக்கிற விமலன் வந்தார். இந்த வாழைக்கு ஒரு நோய் வந்திருக்கிறது, பக்கத்துத் தோட்டங்களுக்குப் பரவும், எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும் என்று குமுதா வாய் கூசாமல் பொய் சொன்னாள். விமலன் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நோய் வந்த மரம் இப்படித் தழைக்குமா, மேடம்?"

பழனியப்பன்தான் நடுவில் புகுந்து, இது சாமி மரம் என்றாலும் முதலில் கம்பெனி மரம், தன் வேலையே போய்விடும் என்று கெஞ்சினார். விமலன் கடைசியில் சூடம் காட்டி உத்தரவு கேட்டு, ஒதுங்கி நின்றார். தாயும் பதினான்கு கன்றும் வேரோடு சாக்குப் பைகளுக்குள் போயின. மீதிப் பதினொன்று? குழந்தை வரம் கேட்டு வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டார். பதினொரு பெயரையும் விரல் விட்டுச் சொன்னார். பத்தாவதாகப் புனிதா பெயர் வந்தபோது குமுதா காது கேட்காதவள்போல் நின்றாள்.

டாக்டர் ஜெயந்திரன் அன்று மாலை எல்லாவற்றையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார்.

"ரிப்போர்ட் பண்ணா பெர்மிட் போயிடும் குமுதா. நாப்பது பேரு வேல. ஆறு வருஷம். அதோட அந்த ஃபாரத்துல இருக்கிறது உங்க சைன். நான் பயமுறுத்தல, உள்ளதைச் சொல்றேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "வாழை விதையில பரவாது. ஆடா, மாடா, ஓடிப் போறதுக்கு? பதினொண்ணுதானே. வியாழனுக்கு முன்னால சத்தமில்லாமக் கொண்டு வந்து எரிச்சிடுங்க. அப்புறம் ஒண்ணுமே நடக்கல."

குமுதா சரி என்றாள். கையெழுத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. ரிப்போர்ட் என்று போனால் அதிகாரிகள் பட்டியலைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். பட்டியலில் பத்தாவது வீட்டில் படுத்துக் கிடப்பவள் புனிதா. பூட்ஸ் காலோடு இரண்டு பேர் வந்து அந்த வாளியைத் தூக்கினால் அவள் என்ன ஆவாள்? அவள் வயிற்றில் இருப்பது என்ன ஆகும்? செடிக்கும் குழந்தைக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று குமுதாவுக்குத் தெரியும். புனிதாவுக்குத் தெரியாதே.

செவ்வாயும் புதன் காலையும் அவளும் பழனியப்பனும் நாய் அலைச்சல் அலைந்தார்கள். பழனியப்பன் ஒரே வசனத்தைத் தேய்த்துத் தேய்த்துச் சொன்னார்: "சாமி திரும்பக் கேக்குதும்மா." அதை மீறி யாரும் கேள்வி கேட்கவில்லை. பூச்சோங்கில் ஒரு துணிக்கடைக்காரர் பூத்தொட்டியில் வைத்திருந்ததைப் பொட்டலம் கட்டியே கொடுத்தார். மேருவில் ஒருவர் மாற்றாக வேறென்ன தருவீர்கள் என்று பேரம் பேசினார். கேரி தீவில் செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் மாரியாயி என்று ஒரு பெண், முப்பது வயதுகூட இருக்காது, வாசலில் இருந்த கன்றைத் தானே தோண்டிக் கொடுத்தாள். மண்ணைத் தட்டிவிட்டு, "சாமிக்கு என் மேல என்ன கோவம்னு கேட்டுச் சொல்றீங்களா அக்கா?" என்று கேட்டாள். குமுதா காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பழனியப்பன் வெளியே நின்று சுருட்டுப் பிடித்தார்.

புதன் மதியத்துக்குள் பத்தும் எரிகலனில் சாம்பலாகிவிட்டன. மிச்சம் ஒன்று.

அந்த ஒன்றுக்கு அவள் வேறு வழி யோசித்து வைத்திருந்தாள். அதே உயரத்தில் ஒரு சாதாக் கன்று. பீட்ரூட்டை அரைத்துப் பிழிந்து, துணியில் நனைத்து, முந்தின நாளே காம்புகளைச் சுற்றிக் கட்டியிருந்தாள். பிரித்துப் பார்த்தால் அச்சு அசல். அசலைப் படைத்தவளே போலியையும் படைத்தால் கேட்கவா வேண்டும்? புனிதா தூங்குகிற நேரம், அவள் கணவன் முகுந்தன் வேலைக்குப் போயிருக்கிற நேரம், மூன்று மணி. மாற்றுச் சாவி கையில் இருந்தது.

இரும்புக் கதவைச் சத்தமில்லாமல் திறந்தாள். உள்ளறையில் விசிறி ஓடியது. புனிதா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். குமுதா செருப்பைக் கையில் பிடித்தபடி கூடத்தைக் கடந்தாள். பெற்ற தாயைப்போல வளர்த்த தங்கை வீட்டில் திருடி மாதிரி நடக்க வேண்டி வந்ததே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. பால்கனியில் மண்டியிட்டு, மஞ்சள் துணியை அவிழ்த்து, கன்றின் கழுத்தைப் பிடித்து இழுத்தாள். மண்ணோடு பெயர்ந்து வந்தது.

வாசனைதான் முதலில் முகத்தில் அடித்தது. புளித்த பியர் வாசனை.

கிழங்கைத் திருப்பினாள். பக்கவாட்டில் ஆறு வெட்டுக் காயங்கள். ஆறும் புதுசு. ஆறு கன்று முளைத்து, ஆறும் பதமாகக் கத்தி வைத்து எடுக்கப்பட்டிருக்கின்றன. ஏழாவது சின்னதாக மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

சாராயம் நின்றால் சிவப்பும் நிற்கும். அப்புறம் வருகிற இலை பச்சையாகத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை அவள் பார்த்த குருத்து சிவப்பாக இருந்தது. யாரோ விடாமல் ஊற்றுகிறார்கள் என்று அதுவே சொல்லியதே! ஆறு வருஷம் அந்தச் சிவப்போடு குப்பை கொட்டியவள், தங்கை முகத்தைப் பார்த்த பதற்றத்தில் அதைக் கோட்டைவிட்டாள்.

"அக்கா?"

புனிதா பால்கனி வாசலில் நின்றாள். அக்கா கையில் வேரோடு தொங்குகிற கன்றையும், தரையில் கிடக்கிற இன்னொரு கன்றையும் பார்த்தாள். அவள் கை தன்னால் வயிற்றுக்குப் போயிற்று.

"என்ன பண்ற நீ?"

"புனி, மொதல்ல உக்காரு. இதுல மொளைச்ச கன்னெல்லாம் எங்க?"

"குடுத்துட்டேன். என்ன பண்றன்னு கேக்குறேன்ல."

"யாருக்குக் குடுத்த? பியர் யாரு ஊத்துறது?"

"அவருதான் ஊத்துறாரு, வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம. கோயில்ல செய்யறதத்தானே செய்யறோம்." அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "கொழந்தை வேணும்னு கிளினிக்ல எங்கூட உக்காந்திருப்பாங்கல்ல, அவங்களுக்குக் குடுத்தேன். ஆறு பேருக்கு. எனக்கு நின்னுருச்சுன்னு தெரிஞ்சதும் கேட்டாங்க. ஒரு சீனப் பொண்ணுகூடக் கேட்டு வாங்கிட்டுப் போனா, ஈப்போக்காரி. எப்படி ஊத்தணும்னு சொல்லிக் குடுத்தேன். அதுல என்ன தப்பு?"

விதையில் பரவாது என்றார் டாக்டர் ஜெயந்திரன். உண்மைதான். இது கை மாறித்தான் போகும். ஆனால் கை மாற்றிவிடுவதில் நம் ஆட்களை மிஞ்ச ஆளில்லை. ஆறு வீட்டில் ஆறு வாளி. ஒவ்வொரு வாளியிலும் வெள்ளிக்கிழமை ஒரு பாட்டில். ஆறு முப்பத்தாறாகும், முப்பத்தாறு ஊர் ஊராகப் போகும். அத்தனையும் பிள்ளைக்கு ஏங்குகிறவர்கள் வீட்டுக்கு. அத்தனை பழமும் பிறந்த குழந்தையின் வாய்க்கு.

மறைப்பதா, சொல்வதா என்று அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இல்லை. அவள் சொல்லிவிட்டாள். சுவிட்ச்சை, பூஞ்சையை, இதுவரை யாரும் தின்னாத பழத்தை, ஆயுத பூசையை, தன் கையெழுத்தை, பீட்ரூட் சாற்றை, எதையும் விடாமல் சொன்னாள்.

"அந்தச் செவப்பு முனியாண்டி வெச்ச குங்குமம் இல்லடி. நான் வெச்சது. நான்தான் செவப்பா இருக்கட்டும்னு சொன்னேன்."

புனிதா ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள்.

"சரி. அப்ப சாமி குடுக்கல. நீ குடுத்த. எங்கக்கா செஞ்ச மரத்துலதான் எனக்குப் புள்ள நின்னுச்சு. இன்னும் நல்லதுதானே? குடுத்த நீயே புடுங்குவியா?"

"மரத்துனால இல்லடி. டாக்டர் குடுத்த ஊசியில நின்னுச்சு."

"போன ரெண்டு தடவையும் அதே ஊசிதான். அப்ப மரம் இல்ல." அவள் குனிந்து குமுதாவின் கையிலிருந்த கன்றைப் பிடுங்கி, வாளிக் குழிக்குள் வைத்து, இரண்டு கையாலும் மண்ணை அணைத்தாள். "நாளைக்கு எதாச்சும் ஆச்சுன்னா, மரத்தப் புடுங்குனதாலதான்னு நான் சாகுற வரைக்கும் நெனப்பேன். அது ஒனக்குத் தாங்குமா? சொல்லு."

தாங்காது. அது குமுதாவுக்கு நன்றாகத் தெரியும். எட்டு வாரம் என்பது எதற்கும் உத்தரவாதம் இல்லாத காலம். மரம் இருந்தாலும் போகலாம், இல்லாவிட்டாலும் போகலாம். போனால் பழி யார்மேல் விழும் என்பதும் தெரியும். இந்த ஒரு வாளியை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஆறையும் தேடிப் போகலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். மாரியாயி மண்ணைத் தட்டிவிட்டுக் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. ஊரார் வீட்டில் பிடுங்கலாம், தன் தங்கை வீட்டில் கூடாதா?

"அந்த ஆறு பேரோட நம்பர் இருக்கா?"

"ரெண்டு பேரோடதுதான் இருக்கு. தர மாட்டேன்."

குமுதா எழுந்து, கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே நடைபாதைக்கு வந்தாள். செடி ஏதும் வெளியே போய்விட்டால் அழைக்கச் சொல்லிக் கண்ணாடிக் கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் அரசாங்க எண். தினமும் பார்த்து மனப்பாடம் ஆகியிருந்தது. இதுவரை யாரும் அதை அழைத்ததில்லை. மறுமுனையில் ஒரு பெண் அதிகாரி எடுத்தார். குமுதா முதலில் தன் பெயரையும் வேலையையும் சொன்னாள். எரிக்காததை எரித்ததாகக் கையெழுத்துப் போட்டதைச் சொன்னாள். பதினொரு வீட்டைச் சொன்னாள். பத்து வீட்டுக் கன்றைத் தானே சத்தமில்லாமல் எரித்ததையும் சொன்னாள். ஆறு கன்று கை மாறியதைச் சொன்னாள். கிளினிக்கின் பெயரைச் சொன்னாள். மிச்சமிருக்கும் அந்த ஒன்று இப்போது எங்கே இருக்கிறது என்று அதிகாரி கேட்டார்.

பின்னால் இரும்புக் கதவருகே புனிதா வந்து நிற்பது தெரிந்தது. குமுதா திரும்பாமலே சொன்னாள். பிரிக்ஃபீல்ட்ஸ். தெருப் பெயர். அடுக்குமாடியின் பெயர். மூன்றாவது மாடி, வீட்டு எண். தங்கையின் முழுப்பெயர்.

ஒரு மணி நேரத்தில் ஆள் வரும், செடியைத் தனியே வெளியே எடுத்து வையுங்கள் என்றார் அதிகாரி.

திரும்பியபோது இரும்புக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே புதிதாக ஒரு பூட்டு தொங்கியது. அவளிடமிருந்த சாவி அதற்குச் சேராது. கம்பி வழியாகப் பார்த்தாள். பால்கனியிலிருந்து புனிதா அந்த வாளியை இரண்டு கையாலும் பிடித்து, கூடத்தின் குறுக்கே தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள்.

"ஏய்! தூக்காத! புனி, விட்டுருடி, நான் வந்து எடுக்கிறேன், கதவத் தொற! புனி!"

பக்கத்து வீட்டு ஆன்டி எட்டிப் பார்த்தார். புனிதா காதில் வாங்கவில்லை. பாதி வழியில் நின்றாள். குனிந்தபடியே அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டாள். குமுதா கம்பியை இரண்டு கையாலும் உலுக்கினாள். "சாமி சாமி" என்று தன் வாய் சொல்லிக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை. புனிதா மூச்சை இழுத்துவிட்டாள். மறுபடியும் இழுத்தாள். பூட்டைத் திறந்து, கதவை வாளி போகிற அளவுக்கு மட்டும் திறந்து, காலால் வெளியே தள்ளினாள். ஒரு தாளை மண்மேல் வைத்தாள். இரண்டு தொலைபேசி எண்கள் எழுதியிருந்தன.

"வலிக்குதாடி? புனி, வலிக்குதா? ஆஸ்பத்திரி போலாமா?"

"எடுத்துட்டுப் போ," என்றாள் புனிதா. அழவில்லை. "அவங்க புள்ளைங்க நல்லா இருக்கட்டும். என் புள்ளைக்கு என்ன ஆனாலும் ஒனக்கு போன் வராது அக்கா. நல்லதுன்னாலும் வராது."

கதவு மூடியது. பூட்டு விழுந்தது. உள் கதவும் மூடியது.

குமுதா அங்கேயே நின்று முகுந்தனை அழைத்து, வேலையைப் போட்டுவிட்டு உடனே வீட்டுக்கு வரச் சொன்னாள். பிறகு தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வாளியைத் தூக்கினாள். நல்ல கனம். இதையா அவள் இழுத்தாள்! படியில் ஒவ்வொரு திருப்பத்திலும் இலை சுவரில் உரசிக் கிழிந்துவிடாமல் உடம்பை ஒருக்களித்துக்கொண்டு இறங்கினாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் எரிக்கப்போகிற செடி அது. அவளிடம் ஒன்றும் கேட்காதே முனியாண்டி, கேட்பதை என்னிடம் கேள் என்று மூன்று மாடியும் சொல்லிக்கொண்டே இறங்கினாள்.